பேனா தூக்கினால் அழும் குழந்தை

முழங்கையை வாளிக்குள் விட்டுப் பார்க்கிறார் அக்கா. உதட்டைப் பிதுக்குகிறார்.

"ஆறிப்போச்சு. இன்னும் ஒரு கெட்டில் ஊத்துங்க தம்பி."

நான் வேன் டிரைவர். சுடுதண்ணீர் ஊற்றுவது என் வேலையில் சேர்த்தி இல்லை. ஆனாலும் ஒன்பது வருஷமாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மறுபடி முழங்கை. இப்போது ஒரு தலையாட்டல். ரப்பர் தோலாக மடிந்து கிடக்கும் பொம்மையைக் கவிழ்த்துப் பிடித்து, மூடியைத் திருகி, புனல் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே விடுவார். கொஞ்சம் கொஞ்சமாகக் கைகால் உப்பும். தொப்பை விழும். தலை ஒரு பக்கமாகத் தொங்கும். இரண்டு லிட்டர் உள்ளே போனதும் மூடியை இறுக்கி, இடது கையில் ஏந்தி ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார். தராசெல்லாம் கிடையாது.

"ம். பொறந்துட்டான். அடுத்தவன எடுங்க."

இப்படி ஒரு காலையில் பன்னிரண்டு பேர் பிறப்பார்கள்.

பச்சைத் தண்ணீர் போதும் என்று டாக்டர்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். பொம்மைக்கு என்ன குளிரா அடிக்கப்போகிறது? அக்கா கேட்பதில்லை. "சில்லுன்னு இருந்தா, தொட்ட உடனே செத்துப்போச்சுன்னு கை முடிவு பண்ணிடும் சார். அப்புறம் மனசு சொன்னாலும் கை கேக்காது." இதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை போலிருக்கிறது. டாக்டர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

பிறந்த குழந்தைகளின் வைத்தியத்தையே தனியாகப் படித்த டாக்டர்கள், நாடு முழுக்க ஒன்றுசேர்ந்து வைத்திருக்கும் சங்கம் இது. மூன்றாவது மாடியில் ஆபீஸ். லிஃப்ட் வேலை செய்யும் நாளும் உண்டு. பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள் மூச்சுக் கொடுப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பதும், பரீட்சை வைத்துச் சர்டிபிகேட் தருவதும் சங்கத்தின் வேலை. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். அந்தப் பொம்மைகளையும் மாஸ்க்குகளையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை.

அக்கா டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆபீஸைக் கூட்டித் துடைக்க வந்தவர். முதல்முதலில் பொம்மைகள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியபோது, அதை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் நான்கு பெரிய டாக்டர்கள் மேஜையைச் சுற்றி நின்று வாதாடியிருக்கிறார்கள். துடைப்பத்தோடு வந்த அக்கா பெட்டியின் மூடியிலிருந்த படத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் ஒரு குழந்தையை மாட்டி மேஜையில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து பொம்மைகள் அவர் தலையில் கட்டப்பட்டன. பெயர் மாறி 'பொம்மையம்மா' ஆனார். சம்பளப் பட்டியலில் மட்டும் இன்றைக்கும் துப்புரவு உதவியாளர்தான்.

பொம்மையின் வயிற்றிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் போகும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குமிழ், கோழிமுட்டை அளவுக்கு. ஒன்றை அழுத்தினால் தொப்புள்கொடி துடிக்கும். இன்னொன்றை அழுத்தினால் குழந்தை அழும். பரீட்சையில் டாக்டரோ நர்ஸோ வந்து நிற்பார்கள். பரீட்சகர் சொல்வார்: "நிறைமாதம். அழவில்லை. துவண்டு கிடக்கிறது." கடிகாரம் ஓடும். துடைக்க வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும். அப்படியும் அசையவில்லையென்றால், மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை வைத்து, அதோடு இணைந்த காற்றுப் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கும். அப்போது, மேஜைக்குப் பின்னால் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அக்கா துண்டுக்கு அடியில் குமிழை அழுத்துவார். குழந்தை அழும். பாஸ்.

மாஸ்க் சரியாகப் படியாவிட்டால் காற்று பக்கவாட்டில் கசியும். அது பொம்மையின் தலையருகே இருக்கும் அக்காவின் மணிக்கட்டில்தான் வந்து அடிக்கும். பரீட்சகர் கண்ணுக்குத் தப்பினாலும் அந்த மணிக்கட்டுக்குத் தப்பாது.

இந்தப் பரீட்சையில் மட்டும் நடக்கிற தப்பு ஒன்று உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் குழந்தையின் நெஞ்சைப் பார்ப்பதே இல்லை. அக்காவின் வலது தோளைப் பார்ப்பார்கள். தோள் அசைந்தால் குழந்தை அழப்போகிறது, அதோடு பையை விட்டுவிடலாம் என்று கணக்கு. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அக்கா அழுத்தாமலே தோளை ஆட்டுவார். பையை விட்டுவிட்டு இளித்துக்கொண்டே நிமிர்கிறவர்களிடம், "என் தோளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். புள்ளதான் நீலமாப் போய்ட்டிருக்கான்" என்பார்.

பரீட்சை முடிந்ததும் அவருக்கு ஒரு வழக்கம். குழந்தை அழுதிருந்தால், முகம் தெரியும்படி துண்டைச் சுற்றி மேஜையோரம் படுக்க வைத்து, "பொழச்சிட்டான்" என்பார். அழாமல் நிமிஷம் தாண்டிப் போயிருந்தால், துண்டை இழுத்து முகத்தை மூடிவிடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த ஆள் வரும்வரை அது அப்படியே கிடக்கும். "அக்கா, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு, எடுத்துடுங்களேன்" என்று ஒரு டாக்டரம்மா கெஞ்சிக்கூடப் பார்த்தார். "ஒரு மாதிரி இருக்கணும்னுதான் மேடம்" என்றார் அக்கா. துண்டை எடுக்கவில்லை.

உங்களைப் போலவே நானும் நினைத்தேன். இந்த அம்மாள் எப்போதோ ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருப்பார், அதுதான் இப்படி. வண்டியில் போகும்போது ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க. ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு, ரெண்டும் என்கிட்ட பேசறதில்ல. ஏன், வீட்ல ஒண்ணு செத்தாத்தான் மனுசனுக்கு அக்கறை வரணுமா? ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

வீட்டில் இப்போது கணவர் மட்டும்தான். அச்சாபீசில் வேலை பார்த்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். சங்கத்து ஊழியர்களுக்கு ஒரு மருத்துவ அட்டை உண்டு. அந்த அட்டையில்தான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அக்காவை இறக்கிவிட நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"என்னா, இன்னிக்கு எத்தன பேரக் கொன்ன?"

"மூணு."

"பொழச்சது?"

"ஒம்பது."

"பரவால்ல. கை தேறிடுச்சு."

இந்தக் கேலிதான் அந்த வீட்டில் கொஞ்சல்.

பேனா எப்போது வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைகளுக்கான வார்டு நடத்த வேண்டுமானால் ஒவ்வொரு ஷிப்டிலும் சங்கத்தின் சர்டிபிகேட் வைத்திருக்கும் ஆள் ஒருவராவது இருக்க வேண்டும், சர்டிபிகேட்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று விதி வந்தது. சங்கம் போராடி வாங்கிய விதி. அதற்காக மேடை போட்டு மாலை எல்லாம் போட்டுக்கொண்டார்கள். விதி வந்ததும் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். சங்க மாநாட்டுக்குப் பந்தல் போட்டுக்கொடுக்கும் ஆஸ்பத்திரி, மேடைக்குப் பின்னால் தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளும் ஆஸ்பத்திரி. அவர்கள் அனுப்பும் ஆள் பரீட்சையில் தோற்றால் நன்றாக இருக்குமா? யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு பரீட்சகர், தடுமாறிக்கொண்டிருந்த ஒருவருக்காக அக்காவைப் பார்த்துப் பேனாவை லேசாகத் தூக்கிக் காட்டினார். அழுத்து என்று அர்த்தம். அது அடுத்த மேஜைக்குப் பரவியது. ஒரு வருஷத்துக்குள் சங்கத்தின் எழுதப்படாத விதி ஆகிவிட்டது.

சங்கத்தில் இரண்டு கோஷ்டி உண்டு. அடுத்த மாநாடு எந்த ஊரில் என்பதில் தொடங்கிய சண்டை. ஒருத்தர் இருக்கிற அறையில் இன்னொருத்தர் டீ குடிக்க மாட்டார். பேனா விஷயத்தில் மட்டும் இரண்டு கோஷ்டியும் ஒரு தாய் மக்கள்.

அக்கா முதலில் புரியாத மாதிரி இருந்தார். பிறகு கண் சரியில்லை என்றார். பிறகு ஒருநாள், கண்ணும் தெரிந்து அர்த்தமும் புரிந்த நிலையில், அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் காலையில் முதல் ஆள் ஒரு நர்ஸ். சின்ன ஆஸ்பத்திரி, பன்னிரண்டு வருஷம் இரவு ஷிப்ட். மாஸ்க்கின் கூம்பிய பக்கம் மூக்கின் மேல் வர வேண்டும். அவர் பதற்றத்தில் தலைகீழாக வைத்துவிட்டார். காற்று முழுக்க அக்காவின் மணிக்கட்டில். நெஞ்சு ஏறவில்லை. நிமிஷம் போனது. பேனா அசையவில்லை. நர்ஸுக்கெல்லாம் யார் பேனா தூக்கப்போகிறார்கள்? அக்கா துண்டை இழுத்து மூடினார். நர்ஸ் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

மத்தியானம் அதே மேஜைக்கு ஒரு டாக்டர் வந்தார். பந்தல் போடும் ஆஸ்பத்திரி முதலாளியின் மருமகன். வாசனை முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். மாஸ்க்கைச் சரியான பக்கம்தான் வைத்தார். ஆனால் சோப்புப் பெட்டியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலில் பிடித்திருந்தார். காற்றெல்லாம் கசிந்தது. கண் அக்காவின் தோளில். பேனா தூக்கப்பட்டது. இறங்கி மறுபடி தூக்கப்பட்டது. மூன்றாம் முறை பேனா மேஜையில் தட்டியது. அக்கா பொம்மையின் நெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நிமிஷம் முடிந்தது. துண்டு.

சங்கத்தின் செயலாளர் அக்காவைக் கூப்பிட்டார். வண்டிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க நானும் அந்த அறைக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. என் மூத்தவளுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காதபோது ஒரே போனில் வாங்கிக்கொடுத்தவர். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

"என்னக்கா பண்றீங்க? நீங்க என்ன எக்ஸாமினரா?"

"இல்ல சார்."

"இன்ஸ்ட்ரக்டரா?"

"இல்ல சார்."

"அப்புறம் யாரு நீங்க அந்த மேஜையில?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். எதிர்த்துப் பேச வேண்டும் என்றெல்லாம் இல்லை. உண்மையிலேயே யோசித்தார்.

"நான்தானே சார் புள்ள."

செயலாளர் பேனாவை மூடி வைத்தார். எனக்குக் கையெழுத்துப் போடவே மறந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அக்காவுக்கு ஸ்டோர் ரூம். தேசிய மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குப் பை கட்டுகிற வேலை. ஒரு பைக்குள் ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், கழுத்தில் மாட்டும் அட்டை, ஒரு பேனா. தொள்ளாயிரம் பை. நான் பெட்டி இறக்கப் போனபோது பேனாக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தொள்ளாயிரம் பேனா தம்பி. ஒண்ணொண்ணும் எத்தன புள்ளைங்கள அழவைக்கப்போவுதோ."

அந்த மாநாட்டில் மூச்சுத்திணறலைப் பற்றிய பேச்சைக் கேட்கப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைக் வைத்தவனையும் சேர்த்து. குழு போட்டோவுக்கு மட்டும் நாற்காலி பற்றவில்லை.

அந்த நர்ஸை அக்கா ஒரு பஸ் ஸ்டாப்பில் சந்தித்தார். மறுபரீட்சை ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை ஆஸ்பத்திரி காத்திருக்கவில்லை. சர்டிபிகேட் உள்ள வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நர்ஸ் இப்போது ஒரு துணிக்கடையில் மடித்து வைக்கிற வேலையில் இருந்தார். சண்டை போடவில்லையாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம்.

"அன்னிக்கு என் புள்ளையும் செத்துச்சு, அந்த டாக்டர் புள்ளையும் செத்துச்சு. அவர் புள்ளைய மட்டும் சாயங்காலம் எழுப்பிட்டாங்களாமே, தெரியுமாக்கா உங்களுக்கு?"

அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டீ இடைவேளையில் வேறு மேஜை, வேறு பரீட்சகர். குமிழைச் செயலாளரே அழுத்தியிருக்கிறார். மருமகன் அன்றைக்கே சர்டிபிகேட்டோடு போய்விட்டார். அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்கு வண்டியில் ஏறிய அக்கா வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"அவ மாஸ்க்க தலகீழா வச்சா தம்பி. நெஞ்சு ஏறல. நான் பொய் சொல்லல."

"இல்லக்கா."

"பன்னெண்டு வருசத்துல அவ கையில நெசமாவே எத்தனையோ பொழச்சிருக்கும். என் கையில ஒண்ணுகூடப் பொழைக்கல. எல்லாம் ரப்பர்."

"நீங்க உங்க வேலையத்தானே பாத்தீங்க."

"ஆமா. என் கையில செத்தவங்க லிஸ்டு எடுத்துப் பாருங்க. எல்லாம் சின்ன ஆளுங்க. பெரிய ஆளு ஒருத்தன் செத்தான், அவனையும் சாயங்காலம் எழுப்பிட்டாங்க. நல்லா இருக்குல்ல நம்ம நியாயம்?"

சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.

அக்கா ஸ்டோர் ரூமில் இருந்த காலத்தில் குமிழைப் பிடித்தவர் ஆபீஸ் கணக்கர். பயந்த சுபாவம். யார் பேனாவைத் தூக்கினாலும், காது குடையத் தூக்கினாலும், அழுத்திவிடுவார். ஒருவரும் தோற்கவில்லை. வெளிநாட்டுச் சங்கத்திலிருந்து பரீட்சையைப் பார்வையிட மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் கண்முன்னாலேயே, பரீட்சைக்கு வந்தவர் கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, குழந்தை அழுதுவிட்டது. மூவரும் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்கள். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. இந்தப் பயிற்சிக்கு அவர்கள் கொடுக்கும் அங்கீகாரம் போய்விட்டால் சர்டிபிகேட் வெறும் காகிதம். அடுத்த வாரமே அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

இந்தத் தடவை செயலாளர் உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. நான் கதவோரம், அதே வண்டிப் புத்தகத்தோடு.

"உங்க கை மாதிரி யாருக்கும் வராதுக்கா. ஒத்துக்கறேன். நீங்க உக்காந்தாத்தான் அது பரீட்சை மாதிரி இருக்கு."

"மாதிரி" என்றார் அக்கா.

"சரி, விடுங்க. எப்பவும் போலப் பண்ணுங்க. நூத்துல தொண்ணூறு பேருக்கு உங்க இஷ்டம். ஆனா பேனா தூக்கினா…"

"தூக்கினா?"

"அழணும்."

"யாரு சார்?"

"பொம்மதான்க்கா. வேற யாரு?" அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? வாரத்துக்கு மூணு தடவதானே? அந்தக் கார்டு இந்த மாசக் கடைசிக்குள்ள புதுப்பிக்கணும்ல? நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன், அலையாதீங்க."

அன்பாகத்தான் கேட்டார். மிரட்டியிருந்தால் அக்கா ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார்.

அன்று சாயங்காலம் ஜன்னலோர நாற்காலியிலிருந்து கேள்வி வரவில்லை. யாரோ முன்கூட்டியே போன் செய்து அட்டை விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் அக்கறைதான்.

"இந்தா, எனக்காகன்னு எதையும் அழுத்திக்கிழுத்தி வைக்காத" என்றார் கணவர். "அப்புறம் அதையே சாகறவரைக்கும் சொல்லிக் காட்டுவ."

"நீ சாகறவரைக்குமா, நான் சாகறவரைக்குமா?"

"யாரு முந்தறாங்களோ."

"வாய மூடிட்டு மாத்திரைய முழுங்கு."

அவர் முழுங்கினார். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் அவர். அரை டம்ளர். அக்கா டம்ளரை வாங்கும்போது, பழக்கத்தில், உள்ளங்கையில் வைத்து அதன் கனத்தைப் பார்த்தார்.

திரும்பி வந்த பிறகு அக்காவிடம் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. முழங்கை அதே முழங்கை. காற்று கசிந்தால் துண்டு. நர்ஸுகளிடம் மட்டும், பரீட்சை தொடங்குவதற்கு முன்னால் குனிந்து ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒருநாள் காது கொடுத்துக் கேட்டேன். "கூம்பு மூக்குக்கு. பதறாதம்மா. என்னப் பாக்காத, புள்ள நெஞ்சப் பாரு." இது விதிப்படி குற்றம். பரீட்சகர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். மூன்று மாதத்தில் பேனாவும் ஒரு முறைகூடத் தூக்கப்படவில்லை. பெரிய இடத்து ஆட்களையெல்லாம் வேறு மேஜைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

போன மாதம் அந்த ஏற்பாடு பலிக்கவில்லை. வெளிநாட்டு மூவரும் மறுபடி வந்துவிட்டார்கள். நன்றாக நடக்கிற மேஜையில்தான் அவர்களை உட்கார வைக்க முடியும். அது அக்காவின் மேஜை. சர்டிபிகேட்டைப் புதுப்பிக்க வந்தவர்களின் பட்டியலில் ஐந்தாவது ஆள் முதலாளியின் மருமகன். அந்த மூவர் முன்னால் மேஜை மாற்ற முடியாது.

பரீட்சகர் ஒரு பெரியவர். இந்தப் பயிற்சிப் புத்தகத்தையே எழுதியவர். எந்த மிஷினும் இல்லாத காலத்தில், தன் வாயால் ஊதியே குழந்தைகளைப் பிழைக்க வைத்தவர் என்று சொல்வார்கள். அவருக்கு அக்காவின் மேல் மரியாதை உண்டு. 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

பெட்டிகளை எடுக்க நான் சுவரோரம் நின்றிருந்தேன். பொம்மையின் தலை தொங்கியது. "நிறைமாதம்," என்று படித்தார் பெரியவர். "அழவில்லை. துவண்டு கிடக்கிறது."

மருமகன் துடைத்தார். முதுகைத் தேய்த்தார். மாஸ்க்கை எடுத்தார். அதே இரண்டு விரல். இரண்டு வருஷத்தில் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை போல. யாரும் கற்றுக்கொள்ளச் சொல்லவும் இல்லை. பையை அழுத்தினார். நெஞ்சு அப்படியே கிடந்தது. அக்காவின் மணிக்கட்டில் காற்று அடித்து, அங்கே கிடந்த துண்டின் ஓரம் லேசாக எழும்பியது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. முப்பது விநாடி. நாற்பது. மருமகனின் கண் தோளுக்குப் போயிற்று. தோள் அசையவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் பின்வரிசையில். அங்கிருந்து துண்டின் ஓரமோ மாஸ்க்கின் கசிவோ தெரியாது. அவர்களுக்குக் குழந்தை அழுதால் போதும். செயலாளர் ஜன்னலோரம் நின்று போனைப் பார்ப்பது மாதிரி நின்றார்.

பெரியவர் மேஜையைப் பார்த்தபடி பேனாவைத் தூக்கினார். இரண்டு விரற்கடை உயரம். அக்காவை அவர் பார்க்கவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை.

ஐம்பது விநாடி. அக்கா நெஞ்சைப் பார்த்தார். ஏறவில்லை. இன்னும் ஒரு மூச்சுக்குக் காத்திருந்தார். அதுவும் கசிந்தது. பேனா அப்படியே நின்றது.

குழந்தை அழுதது. எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம்தான் அது. ஆனால் அந்த ஹாலில் எல்லோருக்கும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். கைதட்டினார்கள். பின்வரிசையில் மூவரும் எழுதிக்கொண்டார்கள். பெரியவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மருமகன் கையுறையை உருவினார். "என்னக்கா, இந்தத் தடவ நம்ம பையன் பொழச்சிட்டான் பாத்தீங்களா!" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். பழசை எல்லாம் மறந்துவிட்டவர்.

அக்கா 'பொழச்சிட்டான்' என்று சொல்லவில்லை. துண்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் குமிழின் வடிவத்திலேயே மடங்கி நின்றன. இடது கையால் ஒவ்வொன்றாக விரித்துவிட்டார்.

"அக்கா, அப்படியே இருக்கட்டும், ஒரு போட்டோ எடுத்துக்கறோம்" என்று செயலாளர் போனைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தார். மருமகன் தலையைக் கோதிக்கொண்டு பொம்மையின் பக்கத்தில் நின்றார்.

அக்கா துண்டை எடுத்தார். உதறி, காலிலிருந்து மேலே இழுத்து, முகத்தை மூடினார். இரண்டு பக்க ஓரத்தையும் பொம்மையின் தலைக்கு அடியில் செருகினார்.